முன்மேசை போனுக்கு வைத்த சந்தனம்

ஆபீஸ்களில் மேசை போன் மாட்டிக் கொடுப்பது என் தொழில். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். வயர் இழுப்பது, நுனியில் கிளிப் வைத்து அழுத்துவது, கம்ப்யூட்டரில் நம்பர் ஏற்றுவது எல்லாம் கையாலேயே பழகிக்கொண்டது. இப்போது ஆபீஸ்களில் வைக்கிற போன்கள் இன்டர்நெட்டில் ஓடுகிறவை. நாம் பேசுகிற பேச்சைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி நெட் வழியாக அனுப்பி, அந்தப் பக்கம் பிரித்துக் கொடுக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்னார். பொட்டலம் என்றதும் எனக்குக் கோயிலில் கொடுக்கிற விபூதிப் பொட்டலம்தான் ஞாபகத்துக்கு வந்தது. இன்றைக்கும் புதுப் போனில் வயரைச் செருகும்போது மனசுக்குள் 'அருணாசலா' என்று ஒரு தரம் சொல்லிவிட்டுத்தான் செருகுவேன். திரையில் வெளிச்சம் வந்ததும் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். பார்க்கிறவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

ஒரு பௌர்ணமியன்று நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக இருக்கிறது. என் வீட்டுக்காரியிடம் மட்டும் முழுவதும் சொல்லியிருக்கிறேன்.

கிரிவலம் வருகிறவர்களுக்கு அன்னதானம் செய்கிற ஒரு டிரஸ்ட். ஊருக்குள் அவர்களுக்கு ஓர் ஆபீஸ், அதன் பின்கட்டில் சமையல்கூடம். கிரிவலப் பாதை முடியப் போகிற இடத்தில், குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பந்தல். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அந்தப் பந்தலில் சாதமும் மோரும் கொடுப்பார்கள். கூட்டத்தில் கூட வந்தவர்களைத் தவறவிட்டவர்களும் அந்த ஆபீசுக்குத்தான் வந்து நிற்பார்கள். பௌர்ணமியன்று எங்கள் ஊரில் செல்போன் எடுபடாது. அத்தனை ஜனத்துக்கும் டவர் தாங்காது. பந்தலில் சாதம் தீர்ந்துபோனால்கூட ஆபீசுக்குச் சொல்ல ஓர் ஆள் நடந்து வர வேண்டியிருந்தது. அதனால்தான் டிரஸ்ட் செயலாளர் பந்தல் வரைக்கும் நெட் லைன் போட வைத்து, ஆறு மேசை போன்களுக்கு என்னைக் கூப்பிட்டார்.

வெள்ளிக்கிழமையே எல்லாவற்றையும் மாட்டி முடித்தேன். வாசலைப் பார்த்த முன்மேசைக்கு 101. பந்தலுக்கு 106. மற்ற நான்கும் உள்ளே. பந்தலில் இருப்பவர் குழம்பக் கூடாது என்று, அந்தப் போனின் மேல் 'ஆபீஸ் 101' என்று ஒரே ஒரு நம்பரைத்தான் எழுதி ஒட்டினேன்.

அந்த மாதம் சனிக்கிழமை விடியற்காலையிலேயே பௌர்ணமி பிறந்துவிட்டது. இருட்டு பிரிவதற்குள் ஜனம் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கே போன்களைத் தொடங்கி வைக்க வேண்டும் என்று செயலாளருக்கு ஆசை. ஜவுளிக்கடை வைத்திருந்தவர் அவர். வாய் சும்மா இருக்காது.

"போன்காரரே, ஒம்பதுக்கு ராகு காலம் வந்துரும். அதுக்குள்ள பூசை போட்டு ஒரு தபா பேசிடணும். நீங்க மாட்டினதுல சாமி லைன்ல வர்றாரான்னு பாப்போம்."

"சாமிக்கு எதுக்குங்க போனு, நம்மதான் அவருக்குப் பண்ணணும்" என்றேன்.

"பண்ணுங்க பண்ணுங்க. பிஸின்னு வரப்போவுது."

எல்லோரும் சிரித்தார்கள். முன்மேசையில் உட்காருகிற அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு ஐம்பது வயதிருக்கும். புதுப் போனைப் பார்த்துப் பயந்திருந்தார்கள். அதில் அத்தனை பட்டன். நான்தான் தைரியம் சொன்னேன்.

"அக்கா, ஒண்ணும் இல்ல. பெல் அடிச்சா எடுங்க, பேசுங்க, வைங்க. நம்பர் பட்டனத் தவிர வேற எதையும் தொட்டுடாதீங்க. அமுக்கினா செட்டிங் மாறிடும்."

"நான் எதுக்குத் தம்பி அதத் தொடப்போறேன்" என்றார்கள்.

செயலாளர் என்னையே பொட்டு வைக்கச் சொன்னார். மாட்டினவன் கைதான் ராசி என்று ஒரு பேச்சு. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து மோதிர விரலால் எடுத்தேன். முதல் போன் முன்மேசைப் போன். அதன் மேல்பாகம் வழுவழு என்று இருந்ததால் வைத்த சந்தனம் நிற்காமல் இறங்கியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் இறங்கியது. ஆரம்பமே சறுக்குகிறதே என்று மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் ரிசீவரைத் தூக்கி, அது உட்காருகிற பள்ளத்தில் நடுவாகத் தாராளமாகவே வைத்தேன். அங்கே ஒரு சின்ன வெள்ளைக் கட்டை துருத்திக்கொண்டிருக்கும். ரிசீவரை வைத்தால் கட்டை அமுங்கும், எடுத்தால் எழும்பும். எடுத்தாயிற்றா வைத்தாயிற்றா என்று போனுக்குத் தெரிவது அந்தக் கட்டையால்தான். அதைச் சுற்றித்தான் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். போனுக்கு நெற்றி மாதிரி அது எனக்குத் தெரிந்தது. பார்க்கவும் நன்றாக இருந்தது.

"நேரம் ஆவுது, மத்ததுக்கெல்லாம் சும்மா தொட்டு வைங்க" என்று செயலாளர் அவசரப்படுத்தினார். மற்ற போன்களுக்குப் பக்கவாட்டில் ஒரு புள்ளி வைத்ததோடு சரி. அதிகப் பக்தி எல்லாம் முதல் போனுக்குத்தான் போயிற்று.

ஒன்பதுக்கு முன்னாலேயே பந்தலில் இருந்து முதல் போன் வந்தது. செயலாளர் எடுத்து, "அண்ணாமலையானுக்கு அரோகரா" என்றார். அந்தப் பக்கமும் அரோகரா. கற்பூரம் காட்டினோம். எல்லோரும் அவரவர் வேலைக்குப் போனார்கள்.

ஒன்பதரைக்கு மேல் ஓர் அம்மா வாசல்படி ஏறி வந்தார்கள். காலில் செருப்பு இல்லை. மஞ்சள் புடவை, கையில் ஒரு துணிப்பை. வந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏம்மா, எங்க வீட்டுக்காரரக் காணோம்மா."

அக்கா நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். வீட்டுக்காரர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு வருஷமாக ஞாபகம் போய்க்கொண்டே இருக்கிறது. சில நாள் தன் பேரைக் கேட்டால்கூடச் சும்மா பார்ப்பாராம்.

"கையப் புடிச்சினுதான் வந்தேன். நடக்க ஆரம்பிச்சதும் இந்திர லிங்கத்தாண்ட கற்பூரம் ஏத்தத்தான் கைய விட்டேன். ஏத்திட்டுத் திரும்பிப் பாக்கறேன், ஆளு இல்ல. சட்டைப் பையில என் நம்பர் எழுதி வெச்சிருக்கேன். இந்தச் செல்லு இன்னா பண்ணாலும் போவ மாட்டேங்குது."

அதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேலாக அவர்களே தேடி அலைந்திருக்கிறார்கள்.

அக்கா ரிசீவரை எடுத்து 106 அழுத்தினார்கள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை, பச்சைத் துண்டு, நெற்றியில் விபூதிப் பட்டை, ஆள் கொஞ்சம் கூனல் என்று அந்த அம்மா சொன்ன அடையாளத்தை அக்கா போனில் சொன்னார்கள். பந்தலில் இருந்த அண்ணன், "வந்தா உக்கார வெச்சிட்டுப் போன் பண்றேன்" என்றார். அக்கா ரிசீவரைப் பதமாக வைத்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பார், முதல் நாளே இப்படி ஒரு காரியத்துக்கு உதவுகிறதே என்று நினைத்துக்கொண்டு, சமையல்கூடத்தில் ஒரு வயரைக் கிளிப் போட்டு நிறுத்தப் போனேன்.

அடுப்புச் சத்தத்தில் எனக்கு முன்பக்கத்து ஓசை எதுவும் கேட்கவில்லை. அங்கே நடந்ததைப் பிறகு அக்கா அழுதுகொண்டே சொன்னபடிதான் எழுதுகிறேன்.

பத்தரை மணி வாக்கில் போன் அடித்திருக்கிறது. திரையில் 106. அக்கா எடுத்து "ஹலோ" என்றார்கள். பெல் நிற்கவில்லை. ரிசீவர் காதில் இருக்கிறது, போன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறது. வைத்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். அப்போதும் அடிக்கிறது.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மா எழுந்துவிட்டார்கள். "எடுங்கம்மா."

"எடுத்துட்டேம்மா. சத்தம் வரல."

"அடிக்குதே!"

"அதான் எனக்கும் தெரியல."

"அங்கருந்துதான் பண்றாங்களா? என் வீட்டுக்காரரு அங்க இருக்காரா?"

அக்காவுக்குத் திரையில் 106 தெரிகிறது. ரிசீவரை வைத்துவிட்டு இன்னொரு தரம் எடுத்துக் காதில் வைத்தார்கள். அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தரம் அடித்தது. அப்போதும் அப்படியே. அக்கா ஒரு பட்டனையும் தொடவில்லை. நான்தான் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேனே. ஸ்பீக்கர் படம் போட்ட பட்டன் ரிசீவருக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை அமுக்கியிருந்தால் அந்த நிமிஷமே பேசியிருக்கலாம்.

மூன்றாவது தரம் அடித்தபோது அந்த அம்மா கத்திவிட்டார்களாம். "எடுக்கத் தெரியாதவங்கள எதுக்கு இங்க உக்கார வெக்கிறாங்க? போன் அடிக்குதே, போன் அடிக்குதே!"

அக்கா எழுந்து சமையல்கூடத்துக்கு ஓடி வந்தார்கள். "தம்பி, நான் போன ஒடச்சிட்டேன் போலருக்கு" என்று மட்டும்தான் சொன்னார்கள்.

நான் ஓடிவந்தபோது பெல் நின்றிருந்தது. ரிசீவரை எடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஸ்பீக்கரை அமுக்கி 106 போட்டேன்.

"என்னாங்க நீங்க, மூணு தபா பண்ணேன், யாரும் எடுக்கல!" என்றார் பந்தல் அண்ணன். "அவரு வந்தாரு. நீலச் சட்டைதான். மோர் குடுத்து உக்கார வெச்சேன். ஆபீஸ்ல ஆளு இல்ல போலருக்குன்னு கரண்டியப் புடிச்சேன். இத்தினி கூட்டம். திரும்பிப் பாத்தா எழுந்து பூட்டாரு."

"எப்பண்ணா?"

"இப்பத்தான். பத்து நிமிஷம் இருக்கும்."

ஸ்பீக்கரில் வந்ததால் எல்லோரும் கேட்டார்கள். அந்த அம்மா அதற்குள் படி இறங்கிவிட்டார்கள். நானும் பின்னாலேயே இறங்கினேன்.

தெருமுனை வந்ததும்தான் எனக்குக் கால் நின்றது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். குபேர லிங்கத்துக்கு அந்த முறைப்படி போனால் கிட்டத்தட்ட மலை முழுவதையும் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் ஈசானிய லிங்கம் வழியாகப் போனால் கொஞ்ச தூரம்தான். வண்டி எதுவும் விடவில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கிரிவலப் பாதையில் நான் எதிர்த்திசையில் நடந்ததில்லை. பௌர்ணமியன்று, அத்தனை பேர் நமசிவாய சொல்லிக்கொண்டு வருகிற பாதையில், முகத்துக்கு முகம் எதிராகப் போவதா?

அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் எதிராகப் புகுந்துவிட்டார்கள். நான் செருப்பைக் கழற்றி ஒரு கடை ஓரம் விட்டுவிட்டு, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, அவர்களுக்குப் பின்னால் போனேன்.

கிரிவலம் போகும்போது நாம் பார்ப்பது முன்னால் போகிறவர்களின் முதுகைத்தான். எத்தனையோ வருஷம் நடந்திருக்கிறேன், முகங்களைப் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒவ்வொரு முகமாக எதிரே வந்தது. கண்ணை மூடியபடி வருகிறவர்கள், குழந்தையைத் தோளில் போட்டு வருகிறவர்கள், வாய் முணுமுணுக்க வருகிறவர்கள். "எதுத்தாப்ல எங்கம்மா போறீங்க?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். ஒரு பெரியவர் என்னை முறைத்தார். அந்த அம்மா சட்டைகளை மட்டும் பார்த்துக்கொண்டு போனார்கள். நீலம் தெரிந்த இடத்தில் எல்லாம் நின்று, இல்லை என்றதும் நடந்தார்கள். வெயில் ஏறிவிட்டிருந்தது. தார் ரோடு சுட்டது.

நடக்கும்போது எனக்குச் சந்தனம் ஞாபகம் வரவே இல்லை. நெட் போயிருக்கும், எல்லா வயரும் சேருகிற ஸ்விட்ச் பெட்டி நின்றிருக்கும் என்று எதையெதையோ நினைத்தேன். ஸ்பீக்கரில் பேசினோமே, அப்படியானால் லைனில் கோளாறு இல்லையே என்று வரும்போது, ரிசீவரில் மட்டும் என்ன என்று புத்தி அந்தப் பள்ளத்துக்குப் போயிற்று. அந்த வெள்ளைக் கட்டை. அதைச் சுற்றி நான் வைத்தது. ஈரமாக இருந்தவரை அது எழும்பியது. காய்ந்ததும் பிடித்துக்கொண்டது. ரிசீவரை எத்தனை தரம் தூக்கினாலும், வைத்தது வைத்தபடி இருக்கிறது என்றே போன் நினைத்துக்கொண்டிருக்கும்.

சாமிக்கு என்று செய்தது. என் விரலால் செய்தது.

ஈசானிய லிங்கம் தாண்டிச் சிறிது தூரம் போயிருப்போம். அந்த அம்மா நின்றார்கள். எதிரே கூட்டத்தோடு கூட்டமாக, கொஞ்சம் கூனலாக, பச்சைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் நடந்து வந்தார். இடக் காலை ஊன்ற முடியாமல் விந்தினார்.

அந்த அம்மா ஓடிப் போய் இரண்டு கையையும் பிடித்தார்கள். அவர் அவர்களை நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முகத்தில் கோபம் இருந்தது.

"எதுத்தாப்ல வர்ற?" என்றார். "தப்பு. இப்படி வரக் கூடாது. மலை இந்தக் கைப் பக்கம் இருக்கணும்." வலக்கையை மலைப் பக்கமாகத் தூக்கிக் காட்டினார். என்னையும் பார்த்து, "நீயும் திரும்பு" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம். அவர் நடுவில், அந்த அம்மா ஒரு கை, நான் ஒரு கை. அவர் சொன்ன திசையிலேயே ஆபீஸ் வரைக்கும் நடந்தோம்.

ஆபீசில் அவரை உட்கார வைத்துக் காலைப் பார்த்தால், இரண்டு பாதமும் கொப்புளம். இடப் பாதத்தில் ஒன்று உடைந்திருந்தது. அக்கா ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார்கள். தன் நாற்காலிக்கு அவர்கள் திரும்பிப் போகவில்லை.

விஷயம் கேள்விப்பட்டுச் செயலாளர் வந்தார். "என்னம்மா, நேத்து வந்த போனு, இன்னிக்கே கதைய முடிச்சிட்டியா? ரொம்ப ராசியான கைதான் உனக்கு."

வழக்கமாகப் பேசுகிற மாதிரிதான் பேசினார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் முன்மேசையில் உட்கார்ந்து சின்ன ஸ்குரூ டிரைவரால் அந்தப் பள்ளத்தைச் சுரண்டினேன். சந்தனம் சில்லாகப் பெயர்ந்து வந்தது. சில்லின் நடுவில் கட்டையின் அளவுக்குச் சதுரமாக ஒரு துளை. குங்குமமும் அதிலேயே ஒட்டியிருந்தது. கட்டை டக்கென்று எழும்பியது.

வேறு யாருக்கும் அது என்ன என்று தெரியாது. லைன் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். செயலாளரும் நம்பியிருப்பார். அப்படியே சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நான் யோசிக்கவும் செய்தேன். அந்த நிமிஷத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

"அக்கா ஒண்ணும் பண்ணலைங்க" என்றேன். "நான் வெச்ச சந்தனம். காஞ்சி இதப் புடிச்சிக்கிச்சு. ரிசீவர எடுத்தாலும் போனுக்குத் தெரியல. இந்தப் பட்டன அமுக்கினா பேசியிருக்கலாம். எதையும் தொடாதீங்கன்னு சொன்னதும் நான்தான்."

செயலாளர் அந்தச் சில்லை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அவர்தானே வைக்கச் சொன்னவர்.

அந்த அம்மா தண்ணீரில் வைத்திருந்த வீட்டுக்காரர் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்கு எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். "அம்மா, மூணு தபா அடிச்சிது. எடுத்திருந்தா அவரு பந்தல்லயே உக்காந்துனு இருந்திருப்பாரு. இந்த வெயில்ல நடந்திருக்க மாட்டாரு. பக்தியில செஞ்சது, இப்படி ஆயிடுச்சு" என்றேன்.

அவர்கள் என்னைப் பார்க்காமல், காலைத் துடைத்தபடியே சொன்னார்கள். "நானும் கற்பூரம் ஏத்தத்தான் கைய விட்டேன்."

அவ்வளவுதான்.

சந்தனச் சில்லைக் குப்பையில் போட மனம் வரவில்லை. காகிதத்தில் மடித்து எடுத்துவந்து வீட்டில் துளசிச் செடியின் அடியில் போட்டேன். இப்போதும் புதுப் போனுக்குப் பொட்டு வைக்கச் சொல்லி எங்கும் கேட்கிறார்கள். வைக்கிறேன். சுவரில் வயர் வந்து சேருகிற பெட்டியின் மேல் வைக்கிறேன். அதற்கு முன்னால், போனில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும், எல்லாப் பட்டனையும் ஒரு தரம் அவர்கள் கையாலேயே அமுக்க வைக்கிறேன். கெட்டுப்போனால் நான் சரிசெய்துகொள்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு ஆபீசில், கட்டை எழும்பிய பிறகு போனைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. உள்ளறைப் போனிலிருந்து பந்தலுக்குப் பேசி, 101க்கு ஒரு தரம் அடிக்கச் சொன்னேன். ஏன் என்று சொல்வதற்குள் பந்தல் அண்ணன் வைத்துவிட்டார். நான் முன்பக்கம் வருவதற்குள் பெல் அடிக்க ஆரம்பித்துவிட்டது. திரையில் 106.

அக்கா அசையவில்லை. போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் எடுக்கப் போனேன். அந்த அம்மா எனக்குக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அக்காவின் முழங்கையைத் தொட்டார்கள்.

"எடுங்கக்கா."

அக்கா எடுத்தார்கள். பெல் நின்றது. "ஹலோ" என்று சொல்லும்போதே அவர்கள் குரல் உடைந்தது. ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "கெடச்சுட்டாருண்ணா... ஆமா, இங்கதான் உக்காந்துனு இருக்காரு" என்று சொல்லி, ரிசீவரை அந்த அம்மாவிடம் கொடுத்தார்கள்.

அந்த அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். பிறகு, "அவருக்கு மோர் குடுத்தீங்களாமே" என்றார்கள். "நல்லா இருக்கணும் நீங்க."